அழகர் நடந்த வழியில் ஓர் அஞ்சல் ஓட்டம்

மாரத்தான் என்பது கிரேக்க தேசத்திலுள்ள ஓர் ஊரின் பெயர். ஆகவே 'அரை மாரத்தான்' என்று சொல்வது, 'அரைச் சோழவந்தான்', 'முக்கால் திருமங்கலம்' என்று சொல்வதற்கு ஒப்பானது. ஆயினும் உலகமே அப்படி வழங்கத் தொடங்கிவிட்ட பிறகு நாம் மட்டும் ஆட்சேபித்துப் பயனில்லை. முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர், அதில் பாதி 21.0975 கிலோமீட்டர். இந்த விசித்திரமான கணக்கு எப்படி வந்தது என்று நேயர்கள் கேட்கக்கூடும். 1896-இல் ஏதென்ஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் புத்துயிர் பெற்றபோது ஓடிய தூரம் சுமார் 40 கிலோமீட்டர்தான். 1908-இல் லண்டனில் நடந்த பந்தயத்தை விண்ட்ஸர் அரண்மனையில் ஆரம்பித்து, மைதானத்தில் ராஜ குடும்பத்தார் அமர்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடித்தார்கள். அளந்து பார்த்தால் 26 மைல் 385 கெஜம். 1921-இல் அதுவே சட்டமாகிவிட்டது. ராஜாக்களின் சௌகரியத்துக்காக வைத்த தூரத்தை இன்று உலகத்துக் குடியானவர்களெல்லாம் மூச்சிரைக்க ஓடிக் கடக்கிறார்கள்.

இதைப் பற்றி நமக்குச் சிரிக்க அதிக உரிமை கிடையாது. நம் மதுரையிலும் ஒரு ராஜாவின் சாப்பாட்டு வேளைக்காக ஓர் அஞ்சல் ஏற்பாடு நடந்ததாகச் செவிவழிச் செய்தி உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு உச்சிக்கால பூஜை முடிந்த பிறகே திருமலை நாயக்கர் உணவருந்துவாராம். பூஜை முடிந்ததை மதுரையில் எப்படி அறிவது? வழி நெடுக மண்டபங்கள் கட்டி மணி தொங்கவிட்டார்களாம். முதல் மண்டபத்து மணியோசை கேட்டு இரண்டாவது மண்டபத்துக்காரன் அடிக்க, அதைக் கேட்டு மூன்றாமவன் அடிக்க, ஓசை மதுரைக்கு ஓடி வந்து அரண்மனையில் இலை போடச் செய்யும். கதை எவ்வளவு தூரம் மெய்யோ, அந்த மண்டபங்களில் சில சாலையோரத்தில் சிதைந்து நிற்பது மெய். மனிதன் ஓடாமல் ஓசையே ஓடிய இந்தத் தொடர் ஓட்டத்தைக் காட்டிலும் சிக்கனமானது வேறு இருக்க முடியாது.

தொடர் ஓட்டத்தை நம்மவர்கள் 'அஞ்சல் ஓட்டம்' என்றும் சொல்கிறார்கள். திருவிதாங்கூரில் தபாலுக்கே 'அஞ்சல்' என்றுதான் பெயர்; 1951-இல் அது இந்தியத் தபால் இலாகாவோடு சேர்க்கப்படும் வரையில் நீடித்திருந்தது. கையில் மணி கட்டிய தடியும் தோளில் கடிதப் பையுமாக ஒருவன் தன் எல்லைவரை ஓடி, அங்கே காத்து நிற்பவனிடம் பையைக் கொடுப்பான். ஜப்பானியரின் கதையும் இதுவே. 1917-இல் கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்கு 508 கிலோமீட்டரை 23 பகுதிகளாகப் பிரித்து ஒரு பத்திரிகையின் ஆதரவில் ஓடினார்கள். தபால் சாவடிகளை நினைவூட்டும் 'எகிடென்' என்ற பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். ஓடுகிறவன் கையில் தடி கிடையாது; தோளில் குறுக்காக ஒரு துணிப்பட்டி அணிந்து ஓடி, வேர்வையில் நனைந்த அந்தப் பட்டியை அடுத்தவன் தோளில் மாட்டிவிடுவான்.

இவ்வளவு பீடிகையும் எதற்கென்றால், மதுரையில் அரை மாரத்தான் அஞ்சல் ஓட்டம் ஒன்று நடத்த வேண்டுமானால் பாதை தேடி அலைய வேண்டியதில்லை என்று சொல்வதற்குத்தான். அழகர்கோயில் கோட்டை வாசலிலிருந்து வைகை ஆறு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். பாலத்தைக் கடந்து சிம்மக்கல்லில் கால் வைத்தால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். ஆண்டுதோறும் சித்திரையில் கள்ளழகர் வரும் வழி அது. நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, பொழுது விடியுமுன் அந்த வழியைப் பார்த்துவிடுவதென்று புறப்பட்டோம். ஓடுவதற்காக அல்ல, அந்த வயது நம்மைக் கடந்து வெகு தூரம் ஓடிவிட்டது.

பதினெட்டாம்படிக் கருப்பண்ணசாமியின் மூடிய கதவுகளுக்கு முன்னால் நின்றோம். சந்தனம் பூசிய அந்தக் கதவைச் சாட்சியாக வைத்துச் சத்தியம் செய்ய இன்றைக்கும் நாட்டுப்புறத்து ஜனங்கள் அஞ்சுகிறார்கள். அழகரே ஊரை விட்டுப் புறப்படும்போது இவரிடம் விடைபெற்றுத்தான் புறப்படுகிறார். குறுக்கு வழியில் ஓடி முந்த நினைக்கும் ஓட்டக்காரர்களைத் தடுக்க இதைவிடக் கண்டிப்பான நடுவர் எங்கே கிடைப்பார்?

முதல் பகுதி மிக ரம்மியமானது. மலைக்காற்று முதுகைத் தள்ள, பொய்கைக்கரைப்பட்டித் தெப்பக்குளத்தின் நீராழி மண்டபம் மங்கிய வெளிச்சத்தில் தெரிகிறது. கள்ளந்திரியில் பெரியாற்றுக் கால்வாய் குறுக்கிடுகிறது. மேற்கே அரபிக் கடலில் வீணே கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை, 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டது. அந்த நீர் வைகையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து, இந்தக் கால்வாய் வழியாக மேலூர்ச் சீமைக்குப் போகிறது. நீரும் இங்கே கைமாறித்தான் வந்திருக்கிறது. பாலத்துச் சுவரில் உட்கார்ந்து சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நண்பர் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தோம்.

அப்பன் திருப்பதியைத் தாண்டிய பின் சாலை நேராக, நிழல் குறைந்து போகிறது. இந்தப் பகுதிக்குத்தான் நெஞ்சுரம் உள்ள ஆள் வேண்டும். கடச்சனேந்தலை நெருங்கும்போது இடக்கைப் பக்கம் யானைமலை படுத்திருப்பது தெரிகிறது. ஓடுகிறவன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அது நகராமல் கூடவே வருவது போலிருக்கும். களைத்தவனுக்கு அது ஆறுதலா, பரிகாசமா என்பது அவனவன் கால்களைப் பொறுத்தது.

வழியெங்கும் மண்டகப்படிகள். சித்திரையில் நானூறுக்கு மேற்பட்ட மண்டகப்படிகளில் அழகர் தங்கித் தங்கி வருகிறார். நீர்மோரும் பானகமும் தெருத்தெருவாக ஓடுகின்றன; தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிறவர்கள் கூட்டத்தையே குளிப்பாட்டுகிறார்கள். பெரிய நகரங்களின் ஓட்டங்களில் சில கிலோமீட்டருக்கு ஒரு மேஜை போட்டுத் தண்ணீர் வைப்பதை நவீன ஏற்பாடு என்று வியக்கிறோமே, அழகரின் பக்தர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அழகர் மாலையில் கிளம்பி, இரவெல்லாம் பிரயாணம் செய்து, விடியலில் மூன்றுமாவடியில் எதிர்சேவை பெறுகிறார். பாண்டி நாட்டு வெயிலைத் தெய்வமே அனுசரித்து நடக்கிறது. ஓட்டம் நடத்துகிறவர்கள் பிரமுகர் வந்து கொடியசைக்கும் வரையில் குழந்தைகளை வெயிலில் நிறுத்துவது எந்த சாஸ்திரத்திலும் இல்லாத வழக்கம்.

இங்கே ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊர் பெயர் வேண்டாம். ஒரு நகரோட்டத்தை வேடிக்கை பார்க்கப் போயிருந்தோம். பணம் கட்டியவர்கள் ஒரே நிறச் சட்டையும் புதுச் சப்பாத்தும் அணிந்து ஓடினார்கள். ஓரத்திலிருந்து பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு வெறுங்காலோடு ஒரு சிறுமி கூட்டத்தில் புகுந்தாள். ஒரு பர்லாங்குக்குள் ஐம்பது பேரைத் தாண்டிவிட்டாள். தொண்டர் ஒருவர் ஓடிப் போய் அவள் கையைப் பிடித்து வெளியே விட்டார். சட்டையில் நம்பர் இல்லையாம்! அவர் செய்தது விதிப்படி சரிதான். ஆனால் அந்தக் குழந்தையின் முகம் நம் மனத்தை விட்டு அகலவில்லை.

அகலாததற்குக் காரணம் உண்டு. மதுரைக்குக் கிழக்கே சக்கிமங்கலம் என்ற கிராமத்தில் 1998-இல் பிறந்தவர் ரேவதி வீரமணி. சிறு பிராயத்திலேயே தகப்பனாரையும் தாயாரையும் இழந்தார். பாட்டி வயல் வேலையும் செங்கல் சூளை வேலையும் செய்து இரண்டு பேத்திகளை வளர்த்தார். பெண் குழந்தைகளை வேலைக்கு அனுப்பு என்று சொன்ன உறவினர் வார்த்தைக்கு அவர் காது கொடுக்கவில்லை. பள்ளிக்கூடப் பந்தயம் ஒன்றில் ரேவதி வெறுங்காலோடு ஓடியதைப் பயிற்சியாளர் கண்ணன் பார்த்தார்; வீடு தேடிச் சென்று பாட்டியைச் சம்மதிக்க வைத்து, லேடி டோக் கல்லூரியில் சேரவும் விடுதியில் தங்கவும் வழி செய்தார். சப்பாத்து அணிந்து ஓடப் பழகியதே பின்னால்தான். 2016-இல் கோயம்புத்தூரில் நடந்த தேசிய இளையோர் பந்தயங்களில் 100 மீட்டர், 200 மீட்டர், அஞ்சல் ஓட்டம் மூன்றிலும் தங்கம். 2021 ஜூலை 30-ஆம் தேதி டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் நானூறு மீட்டர் அஞ்சல் ஓட்டத்தில் இந்தியாவுக்காக இரண்டாவது ஆளாகத் தடியை வாங்கி ஓடினார். அந்த நால்வரில் ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் ஆகிய மூவர் தமிழ்நாட்டவர். 3 நிமிஷம் 19.93 விநாடி, கடைசி இடம், இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. போகாவிட்டால் என்ன? சூளைப் புழுதியிலிருந்து டோக்கியோ வரைக்கும் ஓடியாயிற்றே!

அந்த ஓட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நூறு மீட்டர் அஞ்சலில் தடி வாங்குகிறவர் திரும்பிப் பாராமல் கையைப் பின்னால் நீட்டுவார். நானூறு மீட்டரில் வருகிறவர் கால் துவண்டு வருவார். ஆகவே வாங்குகிறவர் திரும்பி, அவர் முகத்தைப் பார்த்து, தாமே எட்டி வாங்கிக்கொள்வார். தடி கைதவறி விழுந்தால், தவறவிட்டவரே பொறுக்கி எடுக்க வேண்டும்.

ஆகவே நமது யோசனை இது. தனியாள் 21 கிலோமீட்டர் ஓடுவதற்கு ஓய்வும் ஆகாரமும் மாதக் கணக்கில் பயிற்சியும் வேண்டும். அவை எல்லா வீட்டிலும் இல்லை. நால்வர் பகிர்ந்தால் ஆளுக்கு ஐந்து கிலோமீட்டர் சொச்சம். நாட்டுப்புறத்துப் பெண் எவளும் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும் தூரம் அது. ஒவ்வொரு கோஷ்டியிலும் ஒருவராவது இந்தச் சாலையோரத்துக் கிராமங்களிலிருந்து வர வேண்டும், அவரிடம் கட்டணம் கேட்கக் கூடாது, நம்பர் துணியை அவர் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவிட வேண்டும் என்று விதி வைக்கட்டும். தடிக்குப் பதிலாகச் சுங்குடித் துண்டு ஒன்றைத் தோளில் மாற்றிக் கொள்ளலாம் என்பது நண்பரின் அபிப்பிராயம். நமக்கும் சம்மதமே.

மூன்றுமாவடியிலிருந்து நகரம் நம்மை விழுங்கிவிடுகிறது. புதூர், சாலையிலிருந்து சற்று விலகி ரேஸ் கோர்ஸ் விளையாட்டரங்கம், பிறகு தல்லாகுளம் பெருமாள் கோயில். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் ஆண்டாள் மாலையை அழகர் இங்கேதான் சூடிக்கொள்கிறார். பட்டி கைமாறும் கடைசி இடமாக இதை வைப்பதே பொருத்தம். அடுத்து தமுக்கம். ராணி மங்கம்மாளின் அரண்மனை 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகம். மகாத்மா தமது உடையைக் களைந்து நாலு முழத் துண்டுக்கு மாறியது 1921 செப்டம்பர் 22-இல், ஆற்றுக்குத் தெற்கே மேலமாசி வீதியில். அவர் இறுதியாக அணிந்திருந்த இரத்தக் கறை படிந்த துணியோ ஆற்றுக்கு வடக்கே இந்தக் கட்டிடத்தில் இருக்கிறது. இவ்விடத்தில் ஓடுகிறவர்கள் கொஞ்சம் மெதுவாகப் போனால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

தூரத்தை அளப்பதைப் பற்றியும் நண்பர் விசாரித்து வைத்திருந்தார். சர்வதேச முறைப்படி, சக்கரத்தின் சுற்றைச் சோதித்து வைத்த சைக்கிளில் ஏறி அளக்கிறார்கள். தூரம் தப்பித் தவறியும் குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டி வைக்கிறார்கள். அரை மாரத்தானுக்கு 21 மீட்டர் உபரி. மதுரையில் காய்கறிக்காரர் கொசுறாகப் போடும் கறிவேப்பிலைக்கு இது ஈடாகும்.

கோரிப்பாளையம் தர்காவைக் கடந்து, 1889-இல் திறந்த ஆல்பர்ட் விக்டர் பாலத்தருகே மணலில் இறங்கி உட்கார்ந்தோம். வெயில் ஏறிவிட்டது. ஆற்றில் பையன்கள் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் நம் புழுதிக் கால்களைப் பார்த்துவிட்டு அருகில் வந்தான்.

"எங்கெயிருந்துய்யா வர்றீங்க?"

"அழகர்கோயிலிலிருந்து."

"நடந்தேவா?"

நாம் வாயைத் திறப்பதற்குள் நண்பர் உண்மையைச் சொல்லிவிட்டார்:

"கடச்சனேந்தல் வரைக்கும் நடந்தோம், தம்பி. அப்புறம் பஸ்."