மருந்துக்கு அடங்காத கிருமிகளும் நம் வகுப்பறையும்

கடந்த கோடை விடுமுறையில் பதினெட்டு நாட்கள் ஒரு மருத்துவமனை வார்டில் இருந்தேன். நோயாளியாக அல்ல, நோயாளியின் மகளாக. குளியலறையில் வழுக்கி விழுந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. ஐந்து நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. தையல் போட்ட இடம் சிவந்து, நீர் கசிந்தது. அதிலிருந்து மாதிரி எடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

மூன்று நாளில் அறிக்கை வந்தது. பதினான்கு மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் ‘எஸ்’ அல்லது ‘ஆர்’ என்று ஓர் ஆங்கில எழுத்து. ‘எஸ்’ என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும். ‘ஆர்’ என்றால் அடங்காது. பத்து மருந்துகளின் எதிரே ‘ஆர்’ என்றிருந்தது. மதிப்பெண் பட்டியல் பார்த்தே பழகிய என் கண்ணுக்கு, பதினான்கு பாடங்களில் பத்தில் தேர்ச்சி இல்லை என்பதுபோல் பட்டது.

“அம்மா இதுக்கு முன்னால அடிக்கடி ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருக்காங்களா டீச்சர்?” என்று மருத்துவர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. சளி, தொண்டை வலி என்று அம்மா சொல்லும்போதெல்லாம் மருந்துக் கடையில் இரண்டு நாளைக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தவள் நான்தான்.

எட்டாம் வகுப்புக்கு நுண்ணுயிரிகள் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன். ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்த ஆண்டு 1928 என்பது மாணவர்களுக்கு மனப்பாடம். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நான் ஒருமுறையும் சொன்னதில்லை. அந்தப் பதினெட்டு நாட்களில் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சக ஆசிரியர்களோடு பகிரவே இதை எழுதுகிறேன்.

நோய் தீர்க்கும் இடத்தில் நோய் ஏன்?

வேறொரு நோய்க்காகச் சேர்ந்தவருக்கு மருத்துவமனையில் புதிதாக ஏற்படும் தொற்றை ‘மருத்துவமனைசார் தொற்று’ என்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உள்நோயாளிகள் 100 பேரில் வளர்ந்த நாடுகளில் 7 பேருக்கும், மற்ற நாடுகளில் 15 பேருக்கும் இத்தகைய தொற்று ஒன்றாவது ஏற்படுகிறது. அப்படித் தொற்று ஏற்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் உயிரிழக்கிறார்.

காரணங்கள் எளியவை. நம் உடலின் முதல் காவல் தோல். அறுவை சிகிச்சைப் புண், நரம்பில் ஏற்றும் ஊசி, சிறுநீர்க் குழாய், செயற்கை சுவாசக் குழாய் ஆகிய ஒவ்வொன்றும் அந்தக் காவலில் ஒரு வாசலைத் திறக்கிறது. உள்ளே இருப்பவரோ ஏற்கெனவே பலவீனமானவர். பலவகைக் கிருமிகளும் பலவகை ஆன்டிபயாட்டிக்குகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குக் கிருமியைச் சுமந்து செல்லும் முக்கிய வாகனம் மனிதக் கை.

என் கையும் அதில் ஒன்று. பேருந்துக் கம்பியைப் பிடித்த கையோடு வந்து அம்மாவின் தலையணையைச் சரிசெய்திருக்கிறேன். உறவினர்கள் ஆறு ஏழு பேராக வந்து கட்டிலில் உட்கார்ந்தார்கள். “எங்கே, பார்ப்போம்” என்று பெரியம்மா கட்டை லேசாக விலக்கியும் பார்த்தார். அன்றுதான் செவிலியர் என்னைத் தனியே அழைத்தார். “தப்பா நினைக்காதீங்க டீச்சர். யாரையும் கட்டில்ல உட்கார விடாதீங்க. அம்மாவைத் தொடுறதுக்கு முன்னாடியும் தொட்ட பின்னாடியும் இதைத் தேய்ச்சுக்குங்க” என்று கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய கிருமிநாசினிப் பாட்டிலைக் காட்டினார். ஐந்து நாளாக அது அங்கேதான் தொங்கியது. கிருமி யார் கையிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. என் கையிலிருந்து வரவில்லை என்று என்னாலும் சொல்ல முடியாது.

வியன்னாவில் ஒரு கைகழுவும் தொட்டி

கையின் வழியே மரணம் பரவுவதை எண்களால் காட்டியவர் ஹங்கேரிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ். வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும், இரண்டாவதில் மருத்துவச்சிகளும் பிரசவம் பார்த்தார்கள். 1846-இல் முதல் பிரிவில் 100 தாய்மார்களில் 11 பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டாவதில் 3 பேருக்கும் குறைவு.

1847-இல் செம்மல்வைஸின் நண்பரான மருத்துவர் ஒருவர், பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி பட்டுக் காயமடைந்து இறந்தார். அவர் உடலில் காணப்பட்ட அறிகுறிகள் பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மாருடையவற்றை ஒத்திருந்தன. மருத்துவ மாணவர்கள் பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வருவதும், மருத்துவச்சிகள் பிணவறைக்கே போகாததும் செம்மல்வைஸுக்கு உறைத்தது. அந்த மே மாதம் முதல் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிய பிறகே உள்ளே வரவேண்டும் என்று விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த இறப்பு, ஜூனில் 2 அளவுக்கு இறங்கியது.

கிருமிக் கொள்கை நிலைபெறாத காலம் அது. தங்கள் கைகளே நோயைக் கொண்டுசெல்கின்றன என்பதை மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. ஏற்கப்படாமலே செம்மல்வைஸ் 1865-இல் இறந்தார்.

காரணம் தெரிந்த பிறகும் பழக்கம் எளிதில் வருவதில்லை. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் 1994 முதல் 1997 வரை டிடியே பிட்டே என்ற மருத்துவரின் குழு ஒரு முயற்சி எடுத்தது. கட்டிலுக்குக் கட்டில் கிருமிநாசினி வைத்து, ஊழியர்களுக்குத் தொடர்ந்து நினைவூட்டியது. கை சுத்தம் பேணுவது 48 சதவீதத்திலிருந்து 66 சதவீதமாக உயர்ந்தது. மருத்துவமனைத் தொற்று 16.9 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தது. தொற்றே வராவிட்டால் அதற்கு ஆன்டிபயாட்டிக்கும் தேவைப்படாது. கை கழுவுவது மருந்தையும் காப்பாற்றுகிறது.

பழகுவது உடல் அல்ல, கிருமி

“ஒரே மருந்தைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு உடம்பு பழகிப்போச்சு” என்கிறோம். மாணவர்களும் அப்படியே நினைக்கிறார்கள். நம் பாடச் சொற்களும் குழப்பத்துக்கு இடம் தருகின்றன. ‘நோய் எதிர்ப்புத்திறன்’ நம் உடலுக்கு உரியது, நல்லது. ‘மருந்து எதிர்ப்புத்திறன்’ கிருமிக்கு உரியது, ஆபத்தானது. இந்த இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதி வேறுபடுத்திக் காட்டுவது அவசியம்.

ஏற்ற சூழலில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கின்றன. பெருகும்போது மரபணுவில் தற்செயலாக மாற்றங்கள் நேர்கின்றன. அவற்றில் ஏதேனும் ஒன்று மருந்தைச் சிதைக்கும் நொதியையோ, மருந்தை வெளியே தள்ளும் வழியையோ தந்துவிடலாம். மருந்து கொடுத்ததும் மற்றவை சாகின்றன. அந்த ஒன்று பிழைத்து, போட்டியின்றிப் பெருகுகிறது. போதாக்குறைக்கு, அந்த மரபணுவை வேறு இனப் பாக்டீரியாவுக்கும் அதனால் வழங்க முடிகிறது. தேவையின்றி உண்ணும் ஒவ்வொரு ஆன்டிபயாட்டிக்கும் இப்படித் தப்பிப் பிழைப்பவற்றுக்கு இடம் ஒதுக்கித் தருகிறது. சாதாரண சளியும் ஃப்ளூவும் வைரஸால் வருபவை. அவற்றின்மேல் ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது.

இதை முன்கூட்டியே எச்சரித்தவர் ஃபிளெமிங்தான். 1945-இல் நோபல் பரிசு உரையில், தாமாகவே போதிய அளவின்றிப் பெனிசிலின் உண்போரால் அடங்காத கிருமிகள் உருவாகும் என்றார். 2019-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் இறப்புகளுக்கு இத்தகைய பாக்டீரியாக்கள் நேரடிக் காரணம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

நம் நாடும் விலக்கல்ல. வலுவான மருந்துகளையும் சிதைக்கும் என்.டி.எம்-1 நொதி பற்றி 2010-இல் வெளியான முக்கிய ஆய்வில் சென்னையில் எடுத்த மாதிரிகளும் இருந்தன. 2012-இல் இந்திய மருத்துவர் அமைப்புகள் சென்னையில் கூடி ‘சென்னைப் பிரகடனம்’ என்ற செயல்திட்டத்தை வகுத்தன. 2014 மார்ச் முதல் ‘எச்1’ அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதில் உள்ள ஆன்டிபயாட்டிக்குகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். மாத்திரை அட்டையில் உள்ள சிவப்புக் கோடும் மருத்துவர் சொல்லாமல் உண்ணாதீர் என்றே எச்சரிக்கிறது.

என் மேசை டிராயர்

ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் வேலையாக என் மேசை டிராயரைத் திறந்தேன். தைலம், பஞ்சு, பாதி தீர்ந்த மூன்று மாத்திரை அட்டைகள். இரண்டில் சிவப்புக் கோடு. என் மகனுக்கு வாங்கியதில் மீந்தவை. காய்ச்சல் என்று வந்த பிள்ளைக்குப் பாதி உடைத்து ஒருமுறை கொடுத்திருக்கிறேன். அன்பால்தான் கொடுத்தேன். அந்த அட்டைகளை ஆரம்ப சுகாதார நிலைய மருந்தாளுநரிடம் ஒப்படைத்தேன். இப்போது காய்ச்சல் என்றால் பெற்றோருக்குத் தொலைபேசி, பிறகு சுகாதார நிலையம். உங்கள் டிராயரையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

தொடக்க வகுப்பு: ஒரு மாணவர் கையில் வண்ணச் சாக்பீஸ் பொடியைத் தடவுங்கள். அவர் அடுத்தவரோடு கைகுலுக்கட்டும், அடுத்தவர் அதற்கடுத்தவரோடு. வண்ணம் எத்தனையாவது கை வரை போகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பின் சோப்புப் போட்டுக் கழுவட்டும். விரலிடுக்கிலும் நகக்கண்ணிலும் கட்டைவிரலிலும் மிஞ்சுவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

நடுநிலை வகுப்பு: இருபது புளியங்கொட்டைகளில் இரண்டை மட்டும் ஒரு பக்கம் வெள்ளையாகத் தேயுங்கள். வெள்ளை தெரியும்படி அவற்றை வைக்கச் சொல்லுங்கள். ‘மருந்து’ என்றதும் பத்து கறுப்புக் கொட்டைகளை எடுத்துவிட வேண்டும். மிஞ்சியவை இரட்டிப்பாகும், வெள்ளைக்கு வெள்ளை, கறுப்புக்குக் கறுப்பு சேர்க்க வேண்டும். நான்காவது சுற்றில் கறுப்பு தீர்ந்து வெள்ளை மட்டுமே நிற்கும். மருந்து வெள்ளையை உருவாக்கவில்லை, விட்டுவைத்தது என்பது விளங்கும்.

உயர்நிலை வகுப்பு: காலை 9.30 மணிக்கு ஒரு பாக்டீரியா. 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்தால் மாலை 4.30 மணிக்கு எத்தனை? இரண்டின் அடுக்கு 21, அதாவது 20,97,152. அடுக்குக்குறி விதிகளை இதைவிட ஆர்வமாக என் மாணவர்கள் கணக்கிட்டதில்லை.

எல்லா வகுப்புக்கும் ஒரு வீட்டுப்பாடம் உண்டு. மருத்துவமனைக்கு நோயாளியைப் பார்க்கப் போகும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை வீட்டில் சொல்லட்டும்: கூட்டமாகப் போகாதீர்கள், கட்டிலில் உட்காராதீர்கள், கட்டையும் குழாயையும் தொடாதீர்கள், உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கையைச் சுத்தம் செய்யுங்கள், சளி இருமல் இருந்தால் போவதைத் தள்ளிப்போடுங்கள்.

அறிக்கையில் ‘எஸ்’ என்றிருந்த நான்கில் ஒன்றை நரம்பு வழியே ஏற்றித்தான் அம்மா தேறினார். இப்போது வாக்கரைப் பிடித்து வாசல்வரை நடக்கிறார். சென்ற வாரம் அவருக்கு மீண்டும் தொண்டை வலி. “அந்த மாத்திரை ரெண்டு வாங்கிட்டு வாயேன்” என்றார். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்து, “கொப்பளிங்கம்மா, ரெண்டு நாள்ல சரியாகலைன்னா டாக்டர்கிட்ட போகலாம்” என்றேன். மூன்றாம் நாள் சரியாகிவிட்டது.