நூற்றுக்கு ஒரு ரூபா

மட்டக்களப்பின் சித்தாண்டிப் பக்கம் ஊர்க் காரியத்துக்குப் பணம் சேர்க்கக் கொப்பியும் பேனையுமாக நாலு பேர் படலையடியில் வந்து நின்றால், வீட்டுக்காரர் கொப்பியை வாங்கி முதல் பக்கத்தைத்தான் பார்ப்பார். யார் யார் எவ்வளவு போட்டிருக்கிறார்கள்? பிறகுதான் கை சட்டைப் பைக்குப் போகும். இதை வெறும் பெருமை என்று இகழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முதலில் கொப்பி சுமக்கிறவரைப் பார்ப்போம். இஸ்ரேலில் பள்ளி மாணவர்கள் வீடு வீடாகப் போய் நற்காரியங்களுக்குப் பணம் சேர்க்கும் நாள் ஒன்று உண்டு. உரி நீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரு பொருளியலாளர்கள் 180 மாணவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். முதல் கூட்டத்துக்கு நோக்கத்தின் அருமையை மட்டும் எடுத்துச் சொன்னார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு, சேர்க்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்று கூலி. மூன்றாவதுக்கு நூற்றுக்குப் பத்து. கூலி சேர்த்த பணத்திலிருந்து எடுக்கப்படவில்லை, தனியாகக் கொடுக்கப்பட்டது.

கூலியில்லாதவர்கள் இருவர் சேர்ந்து சராசரியாக 238 செக்கலுக்கு மேல் கொண்டுவந்தார்கள். நூற்றுக்குப் பத்து வாங்கியவர்கள் 219. நூற்றுக்கு ஒன்று வாங்கியவர்களோ 153தான்! ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. கொஞ்சம் கொடுத்தால் கொஞ்சமாவது கூடும் என்று நினைப்பவர்களை இந்தக் கணக்கு மடக்கிவிடுகிறது. கூலி என்று ஒன்று நுழைந்ததும் தொண்டு வேலையாகிவிடுகிறது. அந்த வேலைக்கு அந்தக் கூலி கட்டுமா என்று மனம் நிறுத்துப் பார்க்கிறது. கட்டாது என்றால் நாலு வீட்டோடு திரும்பிவிடுகிறது.

கூலி நம் பக்கமும் நுழைந்தது: 2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் கிழக்குக் கரையில் வேலைக்குப் பணம் கொடுக்கும் திட்டங்கள் வந்தன. எல்லாம் இழந்தவருக்கு அது தேவையாயிருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஊர்ச் சங்கக் கூட்டத்துக்கு வந்து குந்துவதற்கும் படி கொடுப்பது வேறு சங்கதி. படி நின்ற நாளில் கூட்டமும் நின்றுபோகும்.

படியே இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடப்பது கோயில் திருவிழா. சித்தாண்டிச் சித்திரவேலாயுதர் கோயில் திருப்படைக் கோயில்கள் எனப்படும் மட்டக்களப்பின் பழைய பெருங்கோயில்களில் ஒன்று. இந்தப் பிரதேசத்துப் பெரிய கோயில்களில் திருவிழா நாட்களைக் குடிகள் என்ற தாய்வழிக் குலங்களுக்குப் பங்கு பிரித்துவிடுவது மரபு. தாயின் குடிதான் பிள்ளைக்கும் குடி. அமெரிக்க மானுடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் இந்த முறையை ஆராய்ந்து 2008இல் பெரிய நூலே வெளியிட்டார். இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் எளியது. "ஊர் பார்த்துக்கொள்ளும்" என்று ஒருவரும் ஒதுங்க முடியாது, ஏனென்றால் அந்த இரவு ஊருடையதல்ல, நம் குடியுடையது. விளக்கு மங்கினால் யாருடைய விளக்கு என்று எல்லாருக்கும் தெரியும். மரியாதை வரிசையில் யார் முன், யார் பின் என்று மனக்கசப்பும் வரும், அதை மறைப்பதற்கில்லை.

இனி கொப்பியின் அந்த முதல் பக்கம். ஜோன் லிஸ்ட், டேவிட் லக்கிங்-ரைலி என்ற பொருளியலாளர்கள் அமெரிக்காவின் புளோரிடாவில் 3000 வீடுகளுக்குக் கடிதம் அனுப்பினார்கள். பல்கலைக்கழகத்துக்குக் கணினி வாங்க உதவி கேட்டு. சிலருக்குத் தேவையான தொகையில் நூற்றுக்கு 10 ஏற்கெனவே கையில் இருப்பதாகவும், சிலருக்கு 67 இருப்பதாகவும் எழுதினார்கள். இரண்டாவது வகையினரிடமிருந்து வந்த பணம் ஏறக்குறைய ஆறு மடங்கு. ஆய்வு 2002இல் வந்தது. தேவை குறையக் குறையக் கொடுக்கும் கை கூடுகிறது என்பது முதலில் விசித்திரமாகத்தான் தெரியும். ஆனால் கொடுப்பவர் யோசிப்பது வேறு: இந்தக் காரியம் முடியுமா, நடுவில் நின்று என் காசும் போய்விடுமா? விவரம் தெரிந்த யாரோ முன்னமே நம்பிப் பணம் போட்டிருக்கிறார் என்பதற்கு அத்தாட்சி அந்த முதல் பக்கம். படலையடியில் நின்று கொப்பி புரட்டுகிறவர் தேடுவது அதைத்தான்.

ஆகவே மரணாதார சங்கமோ, மாதர் சங்கமோ, நூலகம் கட்டப் புறப்பட்ட இளைஞர் கழகமோ, வெறுங்கொப்பியோடு தெருவில் இறங்க வேண்டாம். நிருவாகசபையில் இருப்பவர்கள் முதலில் தங்கள் பெயரை எழுதி, தொகையையும் போட்டுவிட்டுப் போங்கள். சேர்ந்ததையும் செலவானதையும் ஊர் கேட்க வாசியுங்கள். வெயிலில் அலைந்து வரும் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு ஒரு ரூபா கணக்குப் பார்க்காதீர்கள்; ஆளுக்கொரு தேத்தண்ணி கொடுங்கள்.