வலிக்கும் கால், ஓயாத விரல்கள்

பாதத்திலோ கெண்டைக்காலிலோ எரிச்சலும் குடைச்சலும் முதலில் வருகின்றன. சில நாட்களிலோ சில ஆண்டுகள் கழித்தோ கால்விரல்கள் தாமாகவே அசையத் தொடங்குகின்றன. மடங்கும், நீளும், விசிறிபோல் விரியும். பெரும்பாலும் நொடிக்கு ஒன்றிரண்டு முறை. மனத்தைக் குவித்தால் சிறிது நேரம் அடக்கலாம், கவனம் விலகியதும் மறுபடி ஆரம்பித்துவிடும். ஆனால் நோயாளியை வாட்டுவது அசைவு அல்ல, வலிதான். பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஸ்பில்லேன், நேதன், கெல்லி, மார்ஸ்டன் ஆகியோர் 1971-இல் 6 நோயாளிகளைக் கொண்டு இந்நோயை முதன்முதலாக விவரித்தார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2012-இல் வெளியிட்ட தொகுப்பிலேயே 76 பேர்தான்; அவர்களில் மூன்றில் இரு பங்கினர் பெண்கள்.

முதுகெலும்பில் நசுங்கிய நரம்பு வேர், புற நரம்புக் கோளாறு, காலில் பட்ட காயம் ஆகியவை காரணமாகலாம். பலருக்குக் காரணமே பிடிபடுவதில்லை. காபாபென்டின், ப்ரீகாபலின், போட்டுலினம் ஊசி எல்லாம் சிலருக்குத்தான் கைகொடுக்கின்றன.

காந்தம் கொண்டு அறுவையின்றிச் செய்யும் மூளைத் தூண்டல் இங்கேதான் கவனம் பெறுகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் 1985-இல் செய்துகாட்டிய முறை இது. தலைமேல் வைத்த கம்பிச்சுருளில் நொடிப்பொழுது பாயும் மின்சாரம் காந்தப்புலத்தை உண்டாக்க, அது மண்டையோட்டைக் கடந்து மூளைச் செல்களைத் தூண்டுகிறது. நரம்பு வலிக்கு, வலிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறத்தில், உடல் அசைவை இயக்கும் மூளைப் பகுதியான இயக்கப் புறணியில் வேகமான துடிப்புகளைத் தொடர்ந்து செலுத்துவார்கள்.

காலுக்கு ஒரு சிக்கல் உண்டு. அந்தப் புறணியில் கைக்கான பகுதி மூளையின் மேற்பரப்பில் எளிதில் எட்டும் இடத்தில் இருக்கிறது. காலுக்கான பகுதியோ இரு அரைக்கோளங்களுக்கு நடுவிலுள்ள பிளவுக்குள் ஒளிந்திருக்கிறது. அங்கே எட்ட ஆழம்செல்லும் தனிச் சுருள் வேண்டும். ஆனால், தண்டுவடக் காயத்தால் வரும் வலியில் கைப்பகுதியைத் தூண்டியபோதும் பலன் தெரிந்திருக்கிறது. வலி குறைவது தசையின் வழியாக அல்ல, வலியைக் கட்டுப்படுத்தும் மூளை வலைப்பின்னல் வழியாக என்பதற்கு இது ஒரு சான்று. உடலே சுரக்கும் வலிநிவாரணிகளான ஓபியாய்டுகளுக்கும் இதில் பங்குண்டு: அவற்றைத் தடுக்கும் நாலாக்சோனைக் கொடுத்ததும் நிவாரணம் குறைந்தது.

நரம்பு வலிக்கு இம்முறை பயன்தரும் என்று ஐரோப்பிய வல்லுநர் குழு 2020-இல் உறுதியாகப் பரிந்துரைத்தது. கால்வலியும் விரலசைவும் சேர்ந்த இந்நோய்க்கும் அதைப் பயன்படுத்தும் நம்பிக்கை பெரிதும் அந்தச் சான்றின்மேல்தான் நிற்கிறது. நோயாளிகள் இவ்வளவு குறைவாக இருக்கையில் பெரிய ஆய்வு நடத்துவது கடினம். நிவாரணமும் நிரந்தரமல்ல, அமர்வுகள் தொடர வேண்டும். தலைக்குள் உலோகக் கிளிப்போ காக்ளியர் கருவியோ உள்ளவர்களுக்குக் கூடாது. வலிப்பு வந்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விளம்பரத்தில் விற்கும் பேட்டரி கருவியை வாங்கித் தலையில் மாட்டிக்கொள்ளாமல், நரம்பியல் மருத்துவரிடம் விரலசைவைக் காட்டி நோயை உறுதிசெய்துகொள்ளுங்கள்.