ஒரு கல்லும் ஒரு நூலும்

விஞ்ஞானம் என்றதும் கண்ணாடிக் குழாய்களும் விலையுயர்ந்த கருவிகளும் நிறைந்த ஆய்வுகூடமே பலரது நினைவுக்கு வருகின்றது. அத்தகைய கூடம் இல்லாத பாடசாலையிலும் விஞ்ஞான முறையைக் கற்பிக்க இயலும். இரண்டாம் உலகப் போரிலே சிதைவுற்ற நாடுகளின் ஆசிரியர்களுக்கென எழுதப்பட்ட சிறு நூலொன்றை விரிவாக்கி, எளிய பொருள்களைக் கொண்டே செய்யத்தக்க பரிசோதனைகளின் தொகுப்பொன்றை யுனெஸ்கோ நிறுவனம் 1956 ஆம் ஆண்டில் வெளியிட்டது இந்நம்பிக்கையினாலேயே.

ஊசலை உதாரணமாகக் கொள்ளலாம். நூலின் நுனியிலே ஒரு கல்லைக் கட்டிக் கதவு நிலையில் தொங்கவிட்டால் ஊசல் ஆயத்தமாகிவிடும். விரைவாக ஆடுவது பாரமான கல்லா, இலேசான கல்லா? இதற்குரிய விடையை ஆசிரியர் கூறிவிடலாகாது. மாணவர் தத்தம் ஊகத்தை முதலிலே குறிப்பேட்டில் எழுதவேண்டும். எழுதாத ஊகத்தை, விடை தெரிந்தபின் எவரும் எளிதில் மாற்றிக்கொள்வர் அன்றோ?

அடுத்தது சோதனை. கல்லை மாற்றும்போது ஊசலின் நீளமும், கல்லை இழுத்துவிடும் தூரமும் மாறாதிருத்தல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், விளைவுக்குக் காரணம் எதுவென அறியமுடியாது. 1 மீற்றர் நீளமான ஊசல் 20 முறை போய்வர ஏறத்தாழ 40 செக்கன் செல்லும். கல் பாரமாயினும் இலேசாயினும் நேரம் அதுவே. ஈயக் குண்டையும் தக்கைக் குண்டையும் சம நீளமான நூல்களிலே ஆடவிட்டு இவ்வுண்மையைக் கண்டதாகக் கலீலியோ 1638 இல் வெளியான தமது நூலிலே எழுதியுள்ளார்.

பின்னர் நீளத்தை அரைவாசியாக்கலாம். நேரமும் அரைவாசியாகும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பது இயல்பு. கடிகாரமோ ஏறத்தாழ 28 செக்கனைக் காட்டும். அது 20 செக்கனாகக் குறைய, நீளத்தை 25 சதமமீற்றராக, அதாவது காற்பங்காகக் குறைக்கவேண்டும். புத்தகத்தில் வாசித்தால் மறந்துபோகும் இவ்வுண்மை, தாமே எண்ணிக் கண்ட பிள்ளைகளுக்கு மறப்பதில்லை.

ஆசிரியருக்கும் இங்கே ஒரு சோதனை உண்டு. பெரிய கல்லைக் கட்டிய குழுவொன்று 41 செக்கன் என எழுதக்கூடும். அதைப் பிழையெனச் சிவப்பு மையினால் வெட்டிவிடுதல் எளிது. ஆனால் அவ்வாறு வெட்டுண்ட பிள்ளை அடுத்த முறை தான் கண்டதை எழுதாது. ஆசிரியர் விரும்புவதையே எழுதும். அன்றே விஞ்ஞானம் அவ்வகுப்பை விட்டு நீங்கிவிடும்.

வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று தேடச்செய்வதே தக்க வழி. ஊசலின் நீளம் என்பது நூலின் நீளம் மாத்திரமன்று. நூலைக் கட்டிய இடத்திலிருந்து கல்லின் நடுப்பகுதி வரையுள்ள தூரமாகும். பெரிய கல்லின் நடுப்பகுதி சற்றுக் கீழே அமைவதால் ஊசல் நீண்டுவிட்டது. நூலைச் சிறிது சுருக்கி மீண்டும் எண்ணினால் வேறுபாடு மறையும். பிழையெனத் தோன்றியதே புதிய பாடமாகும்.

வீட்டிலும் பெற்றோர் இதனைச் செய்து பார்க்கலாம். பிள்ளை வினவும்போது உடனே விடையளிப்பதை விட, “அளந்து பார்ப்போமா?” என்று கேட்பதே அதன் அறிவை வளர்க்கும்.