மனித உருவில் மறைந்திருக்கும் வேற்றுயிர்: திகில் மேசை விளையாட்டும் அந்தமான் வரலாறு தரும் எச்சரிக்கையும்

நண்பர்கள் கூடி ஆடும் திகில் கதை விளையாட்டில் ஒருவரின் பாத்திரம் மட்டும் மனிதப் பிறவி அன்று. அந்த உண்மை மற்றவர்களுக்குத் தெரியாது. 'டேபிள்டாப் ரோல்-பிளேயிங்' எனப்படும் மேசை விளையாட்டுகளில் ஆட்டக்காரர்கள் விரும்பிக் கையாளும் உத்திகளில் இதுவும் ஒன்று. ஆனால், மனித உருவில் வேறொன்று மறைந்திருக்கிறது என்ற இதே கற்பனை உண்மையான மக்கள்மீது சுமத்தப்பட்டதற்கு அந்தமான் தீவுகளின் வரலாறு சான்றாக நிற்கிறது.

விளையாட்டின் அமைப்பு

இவ்வகை விளையாட்டில் ஒருவர் கதையை நடத்துகிறார். ஏனையோர் தத்தம் பாத்திரத்தின் சொல்லையும் செயலையும் கூறுகின்றனர். ஒரு முயற்சி வெல்லுமா, தோற்குமா என்பதைப் பகடை முடிவு செய்கிறது. 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' இதன் முன்னோடியாகும்.

1981-ல் சாண்டி பீட்டர்சன் வடிவமைத்த 'கால் ஆஃப் கதூலு' திகிலை இவ்விளையாட்டின் மையமாக்கியது. அதில் பாத்திரங்களின் மனத்தெளிவுக்கும் தனிப் புள்ளிகள் உண்டு. அஞ்சத்தக்கவற்றைக் காணும்போது அவை குறையும். 1991-ல் வெளிவந்த 'வேம்பயர்: தி மாஸ்கரேட்' ஒரு படி மேலே சென்றது. அதில் ஆட்டக்காரர்களே இரத்தம் குடிக்கும் வேற்றுயிர்கள். மனிதரிடையே தங்களை மறைத்துக்கொண்டு வாழ்வது அவர்களின் சட்டம். ஒவ்வொருவருக்கும் 'மனிதத்தன்மை' என்றொரு மதிப்பெண் உண்டு. கொடுஞ்செயல் புரியுந்தோறும் அது சரியும் அபாயம் உள்ளது.

கூடுவிட்டுக் கூடு பாய்தல், மோகினி, வேதாளம் ஆகிய கதைகளைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்த உத்தி புதிதன்று. கேட்பவர் இங்கே அந்தப் பாத்திரமாகவே மாறிப் பேசுகிறார் என்பதே வேறுபாடு.

இரகசியத்தைக் காப்பது எப்படி?

இத்தகைய பாத்திரத்தை ஏற்பவர், அதனைக் கதை நடத்துநரிடம் முன்கூட்டியே தெரிவித்து ஒப்புதல் பெறுவது வழக்கம். பாத்திரம் எதை மறைக்கிறது, ஏன் இக்குழுவுடன் வாழ்கிறது, எந்தச் சூழலில் அதன் உண்மை வெளிப்படும் என்பவற்றை இருவரும் பேசி முடிவு செய்கின்றனர்.

அடுத்துத் தேவைப்படுவது நேர்மையான தடயங்கள். நாய்கள் அதனைக் கண்டு விலகலாம். அது எவருடனும் அமர்ந்து உண்ணாதிருக்கலாம். தன் இளமைக்காலத்தைப் பற்றிப் பேசுவதைத் தவிர்க்கலாம். உண்மை வெளிப்படும் நாளில் மற்றவர்கள் பழைய காட்சிகளை நினைவுகூர்ந்து, எல்லாம் கண்முன்னே இருந்தனவே என்று வியக்க வேண்டும். தடயமே இல்லாத இரகசியம், சக ஆட்டக்காரர்களுக்கு ஏமாற்றப்பட்ட உணர்வையே தரும்.

விளையாட்டு தொடங்கும் முன்பே குழுவினர் கூடி, எவ்வகைக் காட்சிகள் வேண்டா என்று பேசி எல்லை வகுக்கின்றனர். 2013-ல் ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் அறிமுகப்படுத்திய 'எக்ஸ் கார்டு' முறையும் பரவலாக உள்ளது. மேசை மீதுள்ள அந்த அட்டையை எவர் தொட்டாலும், காரணம் கேட்காமல் அக்காட்சி கைவிடப்படும். வேற்றுயிரை ஆடுபவரும் அதற்கு அஞ்சுபவரும் உடன்பட்டே ஆடுகின்றனர் என்பதே இவ்விளையாட்டின் அடிப்படை.

அந்தமான் மீது படிந்த கற்பனை

அந்தமான் மக்களிடம் எவரும் அத்தகைய உடன்பாட்டைக் கேட்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பயணம் செய்த மார்க்கோ போலோவின் நூல், இத்தீவினர் நாய் போன்ற தலை உடையவர்கள் என்றும் அயலாரை உண்பவர்கள் என்றும் கூறியது. 1890-ல் ஆர்தர் கோனன் டாயில் எழுதிய 'தி சைன் ஆஃப் தி ஃபோர்' என்னும் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவல், டோங்கா என்ற அந்தமானியரை விலங்கைப் போன்ற கொடிய உருவமாகச் சித்திரித்தது. அவர் ஊதுகுழலால் நச்சு முள் எய்வதாகவும் அக்கதை கூறுகிறது. அந்தமான் பழங்குடியினர் வேட்டைக்குப் பெரிதும் கைக்கொண்டது வில்லும் அம்பும்.

திகில் விளையாட்டுகள் பலவும் இக்காலத்து ஆங்கிலப் புனைவுகளிலிருந்தே கருப்பொருளைப் பெற்றுள்ளன. 'கால் ஆஃப் கதூலு'வுக்கு மூலமான எச்.பி. லவ்கிராஃப்டின் இனவெறுப்பு அவருடைய கடிதங்களிலேயே பதிவாகியுள்ளது. தன் உடலில் ஓடுவது மனித இரத்தம் மட்டுமன்று எனக் கதைசொல்லி கண்டறியும் அவரது 'தி ஷேடோ ஓவர் இன்ஸ்மவுத்' கதையில், இனக்கலப்பு பற்றிய அச்சத்தின் சாயலைத் திறனாய்வாளர்கள் காண்கின்றனர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கிரேட் அந்தமானியர் தங்கள் மொழியில் ஆவிகளைக் குறிக்கும் 'லாவ்' என்ற சொல்லால் அயலாரையும் அழைத்தனர் என்று மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1922-ல் வெளியிட்ட நூலில் பதிவு செய்துள்ளார். கரை இறங்கியவர்களின் கண்ணுக்குத் தீவினர் மனிதராகத் தோன்றவில்லை; தீவினரின் கண்ணுக்கு வந்தவர்கள் ஆவிகள்.

யார் இழந்தனர்?

இந்த இரு கற்பனைகளின் விளைவு சமமாக அமையவில்லை. 1858-ல் போர்ட் பிளேரில் பிரிட்டிஷ் அரசு தண்டனைக் குடியிருப்பை நிறுவியபோது கிரேட் அந்தமானியர் பல ஆயிரம் பேர் இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. மோதல்களும் 1877-ல் பரவிய தட்டம்மை உள்ளிட்ட நோய்களும் அவர்களைக் குலைத்தன. 1901 கணக்கெடுப்பில் அவர்களின் எண்ணிக்கை 625. 2011-ல் 44 மட்டுமே.

வடக்கு சென்டினல் தீவைச் சுற்றி இன்றும் திகில் கதைகள் புனையப்படுகின்றன. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி அங்கு செல்வது தடை செய்யப்பட்டுள்ளது. 2018 நவம்பரில் தடையை மீறிச் சென்ற அமெரிக்கர் ஒருவர் அங்கே உயிரிழந்தார். 2025 மார்ச்சில் தேங்காயும் குளிர்பானக் குவளையும் வைத்துவிட்டுத் திரும்பிய மற்றோர் அமெரிக்கர் கைது செய்யப்பட்டார். வெளியுலக நோய்களுக்கு எதிர்ப்பாற்றல் இல்லாத அம்மக்களுக்கு இத்தகைய வருகை பேராபத்தாக முடியக்கூடும். 1991-ல் மானிடவியலாளர் மதுமாலா சட்டோபாத்யாய் இடம்பெற்ற குழுவிடமிருந்து அவர்கள் தேங்காய்களைப் பெற்றுக்கொண்டனர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஆட்டக்காரர்கள் கருத வேண்டியவை

அந்தமானைக் கதைக்களமாகக் கொள்ளக் கூடாது என்பதில்லை. காலாபானிச் சிறை, புயல், கைவிடப்பட்ட ராஸ் தீவின் இடிபாடுகள் எனத் திகிலுக்கு வேண்டிய பொருள் அங்கு உண்டு. ஆனால் வேற்றுயிர் எவருடைய உருவில் ஒளிந்திருக்கிறது என்பதில் கவனம் தேவை. அது தீவின் பழங்குடியினராக இருந்தால், விளையாட்டு பழைய பொய்யையே மீண்டும் சொல்கிறது. அது கப்பலில் வந்திறங்கிய அதிகாரியாகவோ, வணிகராகவோ, ஆய்வாளராகவோ இருந்தால், 'லாவ்' என்ற சொல்லுக்குள் இருந்த அச்சம் ஆட்டக்காரர்களுக்குப் புரியும்.

'வேம்பயர்' விளையாட்டில் மனிதத்தன்மை குறைவது, பாத்திரத்தின் உடல் வேறுபட்டதால் அன்று. அது பிறருக்கு இழைக்கும் கொடுமையால். அந்தமான் வரலாற்றை வாசிப்போருக்கும் அதுவே பொருத்தமான அளவுகோல்.