ரயில் மேடையிலிருந்து நாடாளுமன்றம் வரை

நமது நாடாளுமன்ற நிருபர்

புது தில்லி: வெளிநாட்டில் படிக்கும் மாணவர்களுக்கு ரயில் பயணம் விடுமுறைக் கால மகிழ்ச்சி. நண்பர்கள் நால்வர் சேர்ந்து மலிவுக் கட்டணத்தில் ஊர் சுற்றிவிட்டு, வகுப்பு தொடங்குவதற்கு முன் விடுதிக்குத் திரும்புவார்கள். உக்ரைனில் மருத்துவம் படித்துக் கொண்டிருந்த இந்திய மாணவர்களும் அவ்வாறு பயணம் செய்தவர்கள்தான். 2022 பிப்ரவரி இறுதியில் அதே ரயில், அவர்களுக்கு உயிர் தப்புவதற்கான வழியாக மாறியது.

பிப்ரவரி 24 அன்று ரஷியா தாக்குதலைத் தொடங்கியதும் உக்ரைன் தனது வான்வெளியை மூடியது. இந்தியர்களை அழைத்து வருவதற்காகத் தலைநகர் கீவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் பாதி வழியில் திரும்பியது. அந்த நாளிலிருந்து, விமானம் ஏற வேண்டுமென்றால் முதலில் போலந்து, ஹங்கேரி, ஸ்லோவாகியா, ருமேனியா, மால்டோவா ஆகிய நாடுகளில் ஒன்றின் எல்லையை அடைந்தாக வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. இவை அனைத்தும் உக்ரைனின் மேற்கிலும் தென்மேற்கிலும் உள்ளவை. இந்திய மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் படித்ததோ கிழக்கில், ரஷிய எல்லையை ஒட்டிய பகுதிகளில்.

கார்கிவ் நகரம் ரஷிய எல்லையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கு நகரான லிவிவுக்கு ரயிலில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். சாலைகளில் ராணுவ வாகனங்கள், எரிபொருள் தட்டுப்பாடு, வாடகைக் கார் கிடைத்தாலும் மாணவர்களால் கொடுக்க முடியாத கட்டணம். எஞ்சியிருந்தது ரயில் மட்டுமே. உக்ரைன் ரயில்வே, மக்களை வெளியேற்ற சிறப்பு ரயில்களை இயக்கியது, பயணச்சீட்டு கேட்கப்படவில்லை. கீவில் ஊரடங்கு தளர்த்தப்பட்ட பிப்ரவரி 28 அன்று, மாணவர்கள் அனைவரும் ரயில் நிலையத்துக்குச் செல்லுமாறு இந்தியத் தூதரகம் அறிவுறுத்தியது.

மேடையில் நின்றவர்கள்

சீட்டு தேவையில்லை என்றாலும் ரயிலில் ஏறுவது எளிதாக இல்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. போர்க்காலத்தில் அது நியாயமானதே. ஆனால், தங்கள் நிறத்தையும் கடவுச்சீட்டையும் பார்த்து ஒதுக்கியதாக இந்திய, ஆப்பிரிக்க மாணவர்கள் பலர் அப்போதே புகார் கூறினர். ஒரு ரயிலை விட்டு அடுத்த ரயிலுக்காகக் காத்திருந்தவர்கள், சுரங்க ரயில் நிலையங்களிலும் விடுதிகளின் நிலவறைகளிலும் இரவைக் கழித்தனர். ஏறியவர்களும் பெட்டிக்குள் நின்றபடியே பல மணி நேரம் பயணம் செய்தனர்.

மார்ச் 1 அன்று, கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்தைச் சேர்ந்த மருத்துவ மாணவர் ஒருவர் கார்கிவில் குண்டுவீச்சுக்குப் பலியானார். உணவுப் பொருள் வாங்கச் சென்றவர் அவர். மறுநாள் தூதரகம் வெளியிட்ட அவசர அறிவிப்பு, கார்கிவில் எஞ்சியிருந்த இந்தியர் அனைவரும் உக்ரைன் நேரப்படி மாலை 6 மணிக்குள் நகரைவிட்டு வெளியேற வேண்டும் என்றது. வாகனமோ ரயிலோ கிடைக்காமல் ரயில் நிலையத்தில் இருப்பவர்கள், 11 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெசோச்சின், 12 கிலோமீட்டரிலுள்ள பபாயி, 16 கிலோமீட்டரிலுள்ள பெஸ்லியுதிவ்கா ஆகிய குடியிருப்புகளுக்கு நடந்தே செல்ல வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. கொட்டும் பனியிலும் குண்டுச் சத்தத்துக்கு நடுவிலும், பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு மாணவர்கள் நடந்தனர்.

நட்பே பாதுகாப்பு

மார்ச் 3 அன்று நமது பாதுகாப்பு அமைச்சகம் கார்கிவ் மாணவர்களுக்காக ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. பத்துப் பத்துப் பேராகச் சிறு குழுக்களாகப் பிரிந்துகொள்ளுங்கள். அதற்குள் இருவர் இருவராக இணைந்து, ஒருவரையொருவர் எப்போதும் கண்காணித்துக்கொள்ளுங்கள். குழுவுக்கு ஓர் ஒருங்கிணைப்பாளரும் துணை ஒருங்கிணைப்பாளரும் இருக்கட்டும். குறித்த நேரங்களில் தலை எண்ணுங்கள். கைப்பேசி மின்சக்தியை மிச்சப்படுத்த, ஒருங்கிணைப்பாளர் மட்டும் தூதரகத்துடன் பேசட்டும். அசைத்துக் காட்ட வெள்ளைத் துணி வைத்துக்கொள்ளுங்கள். 'நாங்கள் இந்திய மாணவர்கள், போரிடுபவர்கள் அல்லர்' என்று ரஷிய மொழியில் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள் என்பன அதன் சாரம்.

ராணுவத்தினருக்குச் சொல்ல வேண்டிய அறிவுரையை இருபது வயது மாணவர்களுக்குச் சொல்ல நேர்ந்தது என்பது ஒருபுறம். தூதரக அதிகாரிகள் சென்றடைய முடியாத இடத்தில் அரசு நம்பியது அந்த மாணவர்களின் நட்பைத்தான் என்பது மறுபுறம். ஒரே விடுதி அறையில் தங்கியவர்கள், ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள், ஒரே முகவர் மூலம் சேர்ந்தவர்கள் என்று உருவான குழுக்கள்தான் உணவைப் பங்கிட்டன; நோயுற்றவரைத் தாங்கிப் பிடித்தன. இடம் போதாத ரயிலில் மாணவிகளை முதலில் ஏற்றிவிட்டு, மேடையில் நின்ற மாணவர்களும் உண்டு.

லிவிவை அடைந்த பின்னும் பயணம் முடியவில்லை. முன்னாள் சோவியத் நாடுகளின் ரயில் பாதை 1,520 மில்லிமீட்டர் அகலம். போலந்திலும் ஹங்கேரியிலும் 1,435 மில்லிமீட்டர். எனவே எல்லையில் பெரும்பாலோர் ரயில் மாறியாக வேண்டும். சோப் வழியாக ஹங்கேரியின் சாஹோனிக்கும், அங்கிருந்து புடாபெஸ்டுக்கும் ஒரு வழி. லிவிவிலிருந்து போலந்தின் எல்லை நகரான ஷெமிஷெலுக்கு இன்னொரு வழி. ஹங்கேரி, போலந்து ரயில்வேக்களும் உக்ரைனிலிருந்து வந்தவர்களிடம் கட்டணம் வாங்கவில்லை.

கடைசியாக மீண்டவர்கள் வடகிழக்கு நகரான சுமியில் இருந்த சுமார் 700 பேர். அங்கே ரயில் போக்குவரத்து துண்டிக்கப்பட்டிருந்தது. மார்ச் 7 அன்று பேருந்துகளில் ஏறிய அவர்கள், பாதுகாப்பு உறுதி செய்யப்படாததால் இறக்கிவிடப்பட்டனர். இரு தரப்பையும் பலமுறை வலியுறுத்தியும் பாதுகாப்பான வழி அமையவில்லை என்று, ஐ.நா. பாதுகாப்பு அவையில் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்த டி.எஸ். திருமூர்த்தி அன்று கவலை தெரிவித்தார். மறுநாள் பேருந்துகள் புறப்பட்டன. பொல்டாவா வரை பேருந்து, அங்கிருந்து லிவிவுக்குச் சிறப்பு ரயில், பின்னர் போலந்து. மார்ச் 11 அன்று அவர்கள் தில்லி வந்து சேர்ந்தனர்.

அவையில் கேட்டது

மார்ச் 15 அன்று வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் இரு அவைகளிலும் அறிக்கை அளித்தார். 'ஆபரேஷன் கங்கா' என்ற அந்த நடவடிக்கையில் 90 விமானங்கள் இயக்கப்பட்டன. அவற்றில் 76 பயணிகள் விமானங்கள். 14 விமானப் படையைச் சேர்ந்தவை. பிப்ரவரியில் எச்சரிக்கை தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ 22,500 இந்தியர்கள் தாயகம் திரும்பினர். வேறு 18 நாடுகளைச் சேர்ந்த 147 பேரும் மீட்கப்பட்டனர். கேரளம், உத்தரப் பிரதேசம், ஹரியாணா, மகாராஷ்டிரம், தமிழ்நாடு, ராஜஸ்தான் ஆகிய மாநிலங்கள் ஒவ்வொன்றையும் சேர்ந்த மாணவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அண்டை நாடுகளுக்கு ஹர்தீப் சிங் புரி, ஜோதிராதித்ய சிந்தியா, கிரண் ரிஜிஜு, வி.கே. சிங் ஆகிய நான்கு மத்திய அமைச்சர்கள் நேரில் அனுப்பப்பட்டிருந்தனர்.

எதிர்க்கட்சிகள் இந்தச் சாதனையை மறுக்கவில்லை. அவர்கள் எழுப்பிய கேள்வி காலத்தைப் பற்றியது. தூதரகத்தின் முதல் அறிவுரை பிப்ரவரி 15 அன்றுதான் வந்தது. தங்கியிருப்பது அவசியமில்லாதவர்கள் தாற்காலிகமாக வெளியேறலாம் என்ற மென்மையான சொற்களில் வந்தது. பல்கலைக்கழகங்கள் இணையவழி வகுப்புக்கு ஒப்புக்கொள்ளாத நிலையில், வருகைப் பதிவை இழந்து ஊர் திரும்ப மாணவர்கள் தயங்கினர். 23-ஆம் தேதி வரை வெளியேறியவர்கள் சுமார் 4,000 பேர் மட்டுமே. ஏப்ரல் 5, 6 தேதிகளில் மக்களவையில் விதி 193-இன் கீழ் நடந்த விவாதத்தின்போது, மாணவர்களின் எதிர்காலம் என்ன என்ற கேள்வியே ஓங்கி ஒலித்தது. உக்ரைன் அரசு மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கான தகுதித் தேர்வைத் தள்ளிவைத்திருப்பதையும், ஹங்கேரி, ருமேனியா, போலந்து, கஜகஸ்தான் ஆகிய நாடுகளுடன் பேச்சு நடப்பதையும் அமைச்சர் தமது பதிலில் குறிப்பிட்டார்.

ஏன் சென்றார்கள்?

2022-இல் நாட்டில் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறத்தாழ 92,000. அவ்வாண்டு நீட் தேர்வில் தகுதி பெற்றவர்கள் 9.93 லட்சம் பேர். அதாவது, தகுதி பெற்ற பத்துப் பேருக்கு ஓர் இடம்கூட இல்லை. இருக்கும் இடங்களிலும் சுமார் பாதி தனியார் கல்லூரிகளில். அவற்றின் கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாதது. உக்ரைனில் ஆறாண்டுப் படிப்பை அதில் ஒரு பகுதிச் செலவில் முடித்துவிடலாம். நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பியதன் காரணம் இதுவே.

தமிழகத்துக்கு இது புதிய வாதமல்ல. நீட் விலக்கு மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டப்பேரவை அதனை 2022 பிப்ரவரி 8 அன்று மீண்டும் நிறைவேற்றியது. பதினாறாம் நாள் போர் மூண்டது. அந்த மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் பேரவையில் அறிவிக்கப்பட்டது. நீட் தேர்வே காரணம் என்பாரும், இடப் பற்றாக்குறையே காரணம் என்பாரும் ஒன்றை மறுக்க இயலாது. 2018 முதல் வெளிநாட்டில் மருத்துவம் படிக்கச் செல்வதற்கும் நீட் தகுதி கட்டாயம். எனவே அதன் பின்னர் சென்ற மாணவர்கள் நமது நாட்டின் தகுதித் தேர்வில் தேறியவர்களே.

காப்பாற்றியது போதுமா?

திரும்பிய மாணவர்களை இந்தியக் கல்லூரிகளில் சேர்க்க வேண்டும் என்று பல மாநிலங்கள் கோரின. தனியார் மருத்துவக் கல்லூரிகளில் ஒருமுறை விதிவிலக்காக இடமளிப்பது பற்றிப் பரிசீலிக்கலாம் என்று, வெளியுறவுத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2022 ஆகஸ்டில் பரிந்துரைத்தது. ஆனால் செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் அதற்கு நேர்மாறானது. தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் அதற்கு வழியில்லை. இம்மாணவர்கள் நீட் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றதாலோ, குறைந்த கட்டணத்துக்காகவோ வெளிநாடு சென்றவர்கள் என்றது அது. மார்ச்சில் விமான நிலையத்தில் ரோஜாப் பூ கொடுத்து வரவேற்ற அரசு, செப்டம்பரில் இப்படிச் சொன்னது மாணவர்களைப் புண்படுத்தியது.

பிற நாடுகளின் பல்கலைக்கழகங்களில் படிப்பைத் தொடர்ந்து, பட்டத்தை உக்ரைன் பல்கலைக்கழகத்திலேயே பெறும் திட்டத்துக்கு மருத்துவ ஆணையம் செப்டம்பர் 6 அன்று ஆட்சேபமில்லை என்றது. பணமும் துணிவும் இருந்தவர்கள் அவ்வழியில் சென்றனர். சிலர் போர் நடந்துகொண்டிருந்த உக்ரைனுக்கே திரும்பினர். அக்டோபர் 19 அன்று அவர்களை மீண்டும் வெளியேறச் சொன்னது தூதரகம். இறுதி ஆண்டு மாணவர்களுக்கு மட்டும், இந்தியக் கல்லூரியில் சேராமலே எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வின் இரு பகுதிகளையும் ஓராண்டுக்குள் எழுதவும், பின்னர் ஈராண்டுப் பயிற்சி பெறவும் ஒரே ஒரு வாய்ப்பு தருவதாக 2023 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் அரசு தெரிவித்தது. சீனாவில் படித்து, கரோனா பரவலால் திரும்ப முடியாமற்போனவர்களுக்கும் அது பொருந்தியது. இதற்கு முன்னோடி, சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்த மேல்முறையீட்டில் 2022 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவாகும். முதல் மூன்று ஆண்டுகளில் படித்துக் கொண்டிருந்தவர்களுக்கு இத்தகைய வாய்ப்பு எதுவும் கிட்டவில்லை.

அடுத்த முறை?

இது உக்ரைனோடு முடிந்துவிடவில்லை. 2024 மே மாதம் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் அயல்நாட்டு மாணவர்கள் தாக்கப்பட்டனர். அவ்வாண்டு ஜூலையில் வங்கதேசத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் எல்லைச் சாவடிகள் வழியே திரும்பினர். 2025 ஜூனில் ஈரான் மீது குண்டுகள் விழுந்தபோது, மருத்துவ மாணவர்கள் பேருந்தில் ஆர்மீனியா சென்று விமானம் ஏறினர். இம்முறை பெயர் 'ஆபரேஷன் சிந்து'.

2024-இல் வெளிநாடுகளில் படித்த இந்தியர்கள் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று நாடாளுமன்றத்திலேயே அரசு தெரிவித்துள்ளது. ஆனால் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் வேலைக்குச் செல்பவர்களை மனதில் கொண்டு எழுதப்பட்டது. மாணவர்கள் அதன் வரம்புக்குள் வருவதில்லை. அவர்களை அனுப்பும் முகவர்களுக்கு உரிமம் இல்லை. தூதரகத்தில் பதிவு செய்வது மாணவர் விருப்பம். 2022 ஜனவரியில் தூதரகம் பதிவு இயக்கம் நடத்தியிராவிட்டால், உக்ரைனில் எந்த நகரில் எத்தனை பேர் இருந்தனர் என்பதே போர் தொடங்கிய பின்னர்தான் தெரிய வந்திருக்கும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. மாணவர் விசாவுடன் தூதரகப் பதிவைக் கட்டாயமாக்கலாம். முகவர்களைச் சட்டத்தின் கீழ் கொண்டுவரலாம். போரோ தொற்றோ வந்து படிப்பு பாதியில் நின்றால் என்ன வழி என்பதை நீதிமன்றம் கேட்கும்வரை காத்திராமல், மருத்துவ ஆணையம் முன்கூட்டியே விதியாக எழுதி வைக்கலாம். நாட்டில் எம்.பி.பி.எஸ். இடங்கள் இன்று ஒரு லட்சத்தைக் கடந்துவிட்டன என்று அரசு பெருமை கொள்கிறது. அது உண்மையே. ஆயினும் 2025-இல் நீட் எழுதியவர்கள் 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர். ஆகவே வெளிநாட்டுப் பயணம் நிற்கப் போவதில்லை. அப்பயணத்துக்கான சட்டத்தை இயற்ற வேண்டிய இடம் நாடாளுமன்றமே.