உம்மாவின் கிளினிக் கொப்பி

அரபுச் சொல்லொன்றின் கடைசி எழுத்துக்கு இந்த இடத்தில் ஏன் ளம்மு வந்தது, அந்த இடத்தில் ஏன் பத்ஹு வந்தது என்று கரும்பலகையில் விளக்கி இருபது வருடங்களாகின்றன. ஆனால் எனது உம்மாவின் கிளினிக் கொப்பியில் எழுதியிருந்த நான்கு எழுத்துகளை வாசிக்க எனக்குத் தெரியவில்லை. சகோதரிகளே, நான் சொல்ல வந்த விடயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சில வருடங்களுக்கு முந்திய ஒரு ரமழான். உம்மாவுக்குச் சீனி வருத்தம் பிடித்து அப்போது ஒன்பது வருடம். கண்டிப் பக்கத்து அரசாங்க வைத்தியசாலையொன்றில் மாதம் ஒருமுறை கிளினிக். காலை ஆறு மணிக்கே போய் இலக்கம் எடுத்து, வாங்கில் காத்திருந்து, மருந்தை வாங்கிக்கொண்டு ளுஹருக்குப் பிறகுதான் வீடு வருவார்கள். சின்னக் காகித உறைகளில் குளிசைகள் இருக்கும். உறையின் மேல் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துகள். நோன்பு வந்ததும், காலைக் குளிசையை ஸஹருக்கும் மாலைக் குளிசையை நோன்பு திறந்த பின்னும் போட்டுக்கொள்ளலாம் என்று வீட்டிலே நாங்களாகவே தீர்மானித்துக்கொண்டோம். வைத்தியரிடம் கேட்கவில்லை. கேட்க அங்கே வாய் வரவுமில்லை. உம்மாவுக்குச் சிங்களம் கடைத்தெரு அளவுக்குத்தான் தெரியும். எனக்கு ஆங்கிலம் பெயர்ப்பலகை வாசிக்கும் அளவுக்குத்தான்.

பதினோராம் நோன்பன்று அஸருக்குச் சற்று முன் உம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. மௌத்தாகி வருடக் கணக்கான தன் லாத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முந்திய இரவு வட்டிலப்பம் சாப்பிட்டதால் சீனி ஏறிவிட்டது என்றாள் தங்கச்சி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இனிப்பைக் கண்ணிலும் காட்டாதீர்கள் என்று சொன்னவன் நான்தான்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு சிங்களக் குடும்பநல உத்தியோகத்தர் குடியிருக்கிறார். எல்லோரும் மிஸ்ஸி என்றே கூப்பிடுவோம். சத்தம் கேட்டு வந்தவர் உம்மாவின் குளிர்ந்த கையைத் தொட்டதும், "சீனி வத்துற தென்ன, இக்மனட்ட!" என்றார். சீனித் தண்ணீர் கொடுங்கள், சீக்கிரம் என்று அர்த்தம். பக்கத்து வீட்டு மெஷினை வாங்கி விரலில் குத்திப் பார்த்தபோது 48 காட்டியது. கால் மணி நேரத்தில் உம்மா எழுந்து உட்கார்ந்தார். நோன்பு போய்விட்டதே என்று அழுதார்.

அன்று இரவு மருந்துக் கடையில் வேலை செய்யும் மைத்துனரிடம் கொப்பியைக் காட்டினேன். 'பி.டி.' என்றால் நாளுக்கு இரண்டு முறை, 'டி.டி.எஸ்.' என்றால் மூன்று முறை, 'மானே' காலை, 'நொக்டே' இரவு. இவை ஆங்கிலம்கூட இல்லையாம், லத்தீன் மொழியாம்! ரோமாபுரியின் பழைய பாஷையில் எழுதிய குறிப்பை, தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒரு தாயின் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

உம்மா போட்ட கிளிக்ளசைட் குளிசை கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்கச் செய்வது. வயிற்றில் சாப்பாடு இல்லாத நேரத்திலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அதனால் நோன்பு காலத்தில் அந்த வகைக் குளிசையின் அளவையும் நேரத்தையும் வைத்தியரே மாற்றித் தர வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர் ரமழானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே வைத்தியரைக் காண வேண்டும், நோன்பு நேரத்தில் இரத்தச் சீனி 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ உடனே நோன்பை விட்டுவிட வேண்டும் என்று சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 2016இல் வெளியிட்டு 2021இல் புதுப்பித்த ரமழான் வழிகாட்டி சொல்கிறது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை சீனி இறங்கியதன் அடையாளங்கள். நினைவோடு இருப்பவருக்கு உடனே சீனித் தண்ணீர் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 1990க்கு அழைத்து ஆம்புலன்ஸை வரவழைக்க வேண்டும். இரத்தம் பார்க்க விரலில் குத்துவதால் நோன்பு முறியாது. நோயாளிக்கு மார்க்கம் கொடுத்த சலுகையை வருடா வருடம் பயானில் சொல்லும் நான், அதை என் உம்மாவுக்கு எந்த இடத்தில் பொருத்துவது என்று அறியாதிருந்தேன்.

இதெல்லாம் இரகசியமா? இல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. அது எங்கள் வீட்டு வாசல்வரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

பேர்த் நகரிலிருந்து வந்த பிள்ளை

உறவுக்காரப் பிள்ளையொன்று அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் தாதித் தொழில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது உம்மாவின் கதையைக் கேட்டுவிட்டு, "மாமா, எங்களுக்கு இதைப் பாடமாகவே படிப்பிக்கிறார்கள்" என்றாள். அவள் சொன்ன பிறகே நானும் தேடி வாசித்தேன்.

அந்த நாட்டின் ஆதிக்குடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்பவர்கள். வெள்ளையர் வந்தபோது அவர்களிடம் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. இன்றும் ஏனைய அவுஸ்திரேலியரோடு ஒப்பிட்டால் அவர்களின் சராசரி ஆயுள் எட்டு வருடங்களுக்கு மேல் குறைவு. சீனி வருத்தமும் சிறுநீரக நோயும் அவர்களை மிகவும் வாட்டுகின்றன. டார்வின் நகரில் இரத்தம் சுத்திகரிப்புக்கு வரும் யொல்ங்கு மக்களிடையே நடந்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. தாதிகள் தாங்கள் சொல்லிவிட்டதாக நினைத்தார்கள், நோயாளிகள் வேறெதையோ விளங்கிக்கொண்டார்கள். பெரும்பாலும் இரு பக்கத்தாருமே அதை உணரவில்லை. எங்கள் வீட்டிலும் இதுதானே நடந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த மக்கள் பேசாமல் இருந்துவிடவில்லை. 1971இல் சிட்னியின் ரெட்ஃபேர்னில் தங்கள் சமூகமே நடத்தும் வைத்திய நிலையமொன்றைத் தொடங்கினார்கள். 1997இல் பேர்த் நகரின் எடித் கோவன் பல்கலைக்கழகத்தில், ஆதிக்குடிகளின் உடல்நலம் பற்றிய தகவல்களையெல்லாம் திரட்டி வைக்கும் ஓர் இணையத்தளம் உருவானது. ஹெல்த்இன்போநெட் என்பது அதன் பெயர். ஆய்வு, அறிக்கை, சுவரொட்டி, படம் என்று பலவும் அங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன. தூரக் கிராமத்தில் தனியாக வேலை செய்யும் சுகாதார ஊழியரும் காசில்லாமல் திறந்து பார்க்கலாம். 2020இல் கொரோனா வந்தபோது வடபுலத்தில் ஆதிக்குடி அமைப்புகள் அந்தந்த மொழி பேசுவோரைக் கொண்டே காணொளிகள் செய்து பரப்பின. சொந்த ஊர்ப் பெரியவர் சொந்த மொழியில் சொன்னால் அது காதில் ஏறும்.

எமது நாட்டிலும் ஆதிவாசிகள் உண்டு. கண்டியிலிருந்து பதினெட்டு வளைவுகளால் இறங்கி மஹியங்கனையைத் தாண்டினால் தம்பானை. அங்குள்ளவர்களில் பெரும்பாலோர் இப்போது சிங்களம் பேசுகிறார்கள். வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்கள் பேசுவது தமிழ். ஆனால் சொந்த மொழியில் தகவல் இல்லாத கஷ்டத்தை உணர ஆதிவாசியாகப் பிறந்திருக்க வேண்டியதில்லை. கலஹா, தெல்தோட்டைத் தோட்டத்துத் தாய்க்கும், அக்குறணை, மடவளை, கலகெதர வீட்டுத் தாய்க்கும் அது தெரியும். 1987 முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. சட்டம் மருந்து உறைவரை இன்னும் வந்து சேரவில்லை.

ஒன்றை மட்டும் நீதியோடு சொல்ல வேண்டும். பிள்ளை பிறந்ததும் தாயின் கையில் கொடுக்கப்படும் பிள்ளைச் சுகாதார விருத்திப் பதிவேடு தமிழிலும் உண்டு. ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு. நிறையின் கோடு எங்கே போகிறது, அடுத்த ஊசி எப்போது என்று எமது பெண்கள் விரல் வைத்துக் காட்டுவார்கள். அதிகம் படிக்காத தாய்க்கும் அது விளங்குகிறது. ஏனென்றால் அதை விளங்கப்படுத்த மிஸ்ஸி வீடு தேடி வருகிறார். கொப்பியும் ஆளும் சேர்ந்தே வருவதுதான் அதன் பலம். சுகாதார மேம்பாட்டுப் பணியகம், குடும்ப சுகாதாரப் பணியகம் ஆகியவற்றின் இணையத்தளங்களிலும் தமிழில் பல விடயங்கள் இருக்கின்றன. அவற்றை எங்கள் வீடுகளில் எத்தனை பேர் திறந்து பார்த்திருக்கிறோம்?

திறந்து பார்த்தாலும் வேறொரு தடை. "குருதியமுக்கம்" என்று போட்டிருக்கும். பிரஷர் என்றால்தான் உம்மாவுக்குப் புரியும். அலுத்துப்போய் யூடியூப் பக்கம் போனால் தமிழ்நாட்டு வைத்தியர் அழகாகப் பேசுவார், ஆனால் அவர் சொல்லும் மருந்தின் பெயர் எங்கள் கடையில் இராது. மொழிபெயர்ப்பவர்கள் ஒரு நாளாவது கிளினிக் வாங்கில் உட்கார்ந்து பெண்களின் பேச்சைக் கேட்டால் நல்லது.

மலட்டுக் கதை

சரியான தகவல் வராத வீட்டுக்குப் பிழையான தகவல் வந்துவிடும். கண்டி மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் மலட்டுக் குளிசை கலந்ததாகக் கூச்சல் எழுந்தது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வில் பின்னர் தெரியவந்தது. அதற்கிடையில் மார்ச் மாதம் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பக்கங்களில் நெருப்பு மூண்டுவிட்டது. திகனவின் உடனடிக் காரணம் வேறு. சாரதி ஒருவர் தாக்கப்பட்டு இறந்த சம்பவம் அது. ஆனாலும் மலட்டுக் குளிசைக் கதை அந்த நாட்களில் கைத்தொலைபேசிக்குக் கைத்தொலைபேசி ஓடிக்கொண்டிருந்ததை நாம் மறக்கவில்லை. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை வந்தது, அடுத்த நாள் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அந்தக் கலவரத்தில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக ஃபேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. எரிந்த வீடுகளுக்கு அந்த மன்னிப்பு எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை.

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு 2017 முதல் பாடசாலைகளில் எச்.பி.வி. தடுப்பூசி போடப்படுகிறது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகள். பிற்காலத்தில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் காப்பதற்காக. எனது மகளின் வகுப்புத் தாய்மாரின் வட்சப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது: இந்த ஊசி போட்டால் பிள்ளை பெற முடியாது, உங்கள் மக்களைக் காப்பாற்றுங்கள்! பேசுபவர் யார், எந்த ஊர், என்ன படித்தவர், ஒன்றும் இல்லை. அம்பாறையில் எம்மை நோக்கி எறியப்பட்ட அதே மலட்டுக் கதை ஊசியின் வேஷத்தில் எங்கள் குழுவுக்குள்ளே வந்திருந்தது. திகனவில் புகையைக் கண்ட பெண்களே அதை அடுத்த குழுவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அரபுக் கல்லூரியில் ஒரு ஹதீஸைக் கையில் எடுத்தால் முதலில் அறிவிப்பாளர் வரிசையைப் பார்ப்போம். யார் யாரிடம் கேட்டார், நினைவாற்றல் எப்படி, இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா என்றெல்லாம் பெரிய பெரிய நூல்கள் இருக்கின்றன. அவ்வளவு படித்துவிட்டு, "ஒருவர் அனுப்பினார், நானும் அனுப்பினேன்" என்று சொல்ல எமக்கு வெட்கமில்லை. அந்தக் குழுவில் இதைத்தான் எழுதினேன். இரண்டு தாய்மார் குழுவை விட்டே விலகினார்கள். மூன்று பேர் மிஸ்ஸியின் நம்பர் கேட்டார்கள்.

திரைக்குப் பின்னால்

எச்.பி.வி. பேச்சு வீட்டிலும் நடந்தது. அப்போது என் மனைவி சொன்னது எனக்குப் புதிது. "உங்களிடமோ ஆண் டொக்டரிடமோ கேட்க முடியாததை நாங்கள் ஃபோனில் வாசிக்கலாம். யாருக்கும் தெரியத் தேவையில்லை" என்றாள். கைத்தொலைபேசியைப் பித்னா என்று மட்டுமே பேசிப் பழகியவன் நான். மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் மாதக் கணக்கில் மறைத்து வைக்கும் பெண்கள் எங்கள் ஊரில் இருந்திருக்கிறார்கள். இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. 'சுவநாரி' என்று சொல்லப்படும் பெண்கள் கிளினிக் 1996இலிருந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் மூலம் நடக்கிறது. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்கள் பிரஷர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாவற்றையும் அங்கே இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். என் மனைவி அதைத் தமிழில் வாசித்த பிறகே போனாள். அயலில் நான்கு பெண்களையும் கூட்டிக்கொண்டு போனாள்.

இப்போது எங்கள் அஹதிய்யா மண்டபத்தில் மாதத்தில் ஒரு ஞாயிறு அஸருக்குப் பின் பெண்கள் கூடுகிறார்கள். மிஸ்ஸி வருகிறார். அவர் சிங்களத்தில் சொல்வதை ஏ.எல். படிக்கும் பிள்ளையொன்று எங்கள் வீட்டுத் தமிழில் சொல்கிறது. டெங்குக் காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் தவிர அஸ்பிரின், புரூஃபன் எதுவும் கொடுக்கக் கூடாது என்பது அங்கேதான் பலருக்குத் தெரியவந்தது. 2017இல் நாடு முழுவதும் 186,101 பேரை டெங்கு பிடித்த பிறகும்! எனக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. கதிரை அடுக்கிவிட்டு வந்துவிடுவேன்.

அந்தக் கூட்டத்துக்குப் போய் வந்த என் மகள், ஒரு நாள் உம்மாவின் மருந்து உறைகளையெல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு நிறப் பென்சிலால் படம் போட்டாள். 'மானே' உறையில் சூரியன், 'நொக்டே' உறையில் பிறை. சாப்பாட்டுக்கு முன் போடும் குளிசைக்கு வெறும் பீங்கான், பின் போடுவதற்குச் சோறு உள்ள பீங்கான். ரமழானுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அந்த உறைகளோடு உம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப் போனேன். வைத்தியர் படங்களைப் பார்த்துச் சிரித்தார். ஸஹர்க் குளிசையைக் குறைத்தார். பிறகு பேனையை எடுத்து, அந்த உறையில் சூரியனுக்குப் பக்கத்தில் தன் கையாலேயே பாதிக் குளிசையொன்றை வரைந்து கொடுத்தார்.